கண்டி மலைச்சாலையும் கடன் சுமையும்

1815-இல் கண்டி அரசைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1817-இல் அங்கு வெடித்த கிளர்ச்சியை அடக்கப் பெரிதும் இடர்ப்பட்டனர். மலைநாட்டுக்குப் படையை விரைந்து அனுப்ப வழி வேண்டும் என்று கருதிய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், 1820-இல் கொழும்பு–கண்டிச் சாலைப் பணியைத் தொடங்கினார். கேப்டன் டாசனின் மேற்பார்வையில் கடுகண்ணாவை மலையில் பாறை குடையப்பட்டது. டாசனுக்கு அங்கே நினைவுக் கோபுரம் நிற்கிறது. ‘இராசகாரியம்’ என்னும் கட்டாய ஊழியத்தால் கல் சுமந்த குடியானவர்களின் பெயர்களோ எங்கும் இல்லை.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே மலைநாட்டை நோக்கி மத்திய அதிவேகச் சாலை திட்டமிடப்பட்டது. கடவத்தை முதல் மீரிகம வரையிலான 37 கிலோமீட்டருக்குச் சீன ஏற்றுமதி–இறக்குமதி வங்கி கடன் வழங்க முன்வந்தது. 2020-இல் பணி தொடங்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது என இலங்கை அறிவித்தது. கடன் வரவு நின்றது, வேலையும் நின்றது. பாதியில் நின்ற அப்பணி 2025 செப்டம்பரில்தான் மீண்டும் தொடங்கியது.

அன்று மக்களின் உடலுழைப்பு பறிக்கப்பட்டது. இன்று அவர்களின் வருங்கால வருவாய் அடகு வைக்கப்படுகிறது. சாலை தேவையே. ஆயினும் அதன் விலையைச் செலுத்துவோர் அவ்விலையை முன்கூட்டியே அறிய வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைப்பதையும் சாட்சிகளை நிறுத்துவதையும் பற்றியது. இல்லத்துக் கடனுக்கே அத்தகைய தெளிவு வேண்டுமெனில், பிறவாத பிள்ளைகளும் அடைக்க வேண்டிய நாட்டின் கடனுக்கு எத்துணைத் தெளிவு வேண்டும்!