கடைத்தெருவுக்கு எட்டிய போர்ப் பேச்சுகள்

போரை நியாயப்படுத்தும் தலைவர்களுக்கு எதிரியின் மறுப்பைவிட, கேட்பவர் கண்ணால் கண்டதுதான் பெரிய இடையூறு. பினாங்கே இதற்குச் சாட்சி. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு வீசின. ஒரு வாரத்துக்குள் ஆங்கிலேயர் வெள்ளையரை மட்டும் கப்பலேற்றி இரவோடிரவாகப் புறப்பட்டார்கள். இன்று லிட்டில் இந்தியா எனப்படும் கடைத்தெருவையும் குயின் ஸ்திரீட்டையும் கைவிட்டுத்தான் போனார்கள். கூப்பிடு தூரத்திலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் இலங்கைத் தமிழரான பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஊரில் படையில்லை என்று வானொலியில் அறிவித்தவரும் அவரே. அதற்குப் பிறகு சிங்கப்பூரிலிருந்து பேசிய அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டதாகச் சொன்னார். அவர் முன்பு சர்ச்சிலின் தகவல் அமைச்சராக இருந்தவர் என்பது கூடுதல் வேடிக்கை. அவர் சொன்னதை வாய்தவறிய சொல்லாகக் கொள்ள முடியவில்லை. மக்கள் தம் ஆட்சியைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்ற அட்லாண்டிக் சாசனம் முதன்மையாக நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பாவுக்கே என்று சர்ச்சில் அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் விளக்கியிருந்தார். மக்கள் என்றால் யார் என்பதில் இருவருக்கும் ஒரே கணக்குதான்.

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸின் பேச்சு மலாயாத் தமிழரிடம் எடுபட்டதற்கு அவருடைய நாவன்மை மட்டும் காரணமல்ல; ஆங்கிலேயர் கைவிட்டுப் போனதை அவர்கள் கண்ணால் கண்டதும்தான். அக்டோபரில் அவரது சுதந்திர இந்திய அரசு பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவித்தது. ஜப்பானின் கைப்பாவை என்ற ஏச்சுக்கு, 1944 ஜூலை 6 அன்று காந்தியை விளித்துப் பேசிய வானொலி உரையிலேயே அவர் பதில் சொன்னார். அவரைப் பின்பற்றியவர்கள் ஜப்பானை நம்பி ஏமாந்தார்கள் என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. பினாங்கின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. இங்கே வழக்கறிஞராக இருந்த என். ராகவன் சுயராஜ்யப் பயிற்சிக் கழகத்தை நடத்தினார். 1942இல் அவருக்குத் தெரியாமலே ஜப்பானியர் மாணவர்களை நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர் கழகத்தையே மூடிவிட்டார். அவ்வாறு போனவர்களில் வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னையில் தூக்கிலிடப்பட்டார். இத்தனையும் அறிந்த ராகவன்தான் பின்னர் போஸின் நிதியமைச்சரானார். ஆகவே அது ஏமாளித்தனமல்ல, கண்ணைத் திறந்துகொண்டு செய்த பேரம். பயத்தால் போஸின் படையில் சேர்ந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. சயாம் மரண ரயில்பாதை வேலைக்கு ஜப்பானியர் பிடித்துப் போய்விடுவார்களோ என்ற பயம் அது. அந்த ரயில்தான் போஸின் வாதத்தின் பலவீனமும். ஆசியரின் விடுதலைக்குத் துணை நிற்பதாகப் பேசப்பட்ட அதே ஜப்பான் 1943இல் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை அங்கே கொண்டுபோனது. திரும்பாதவர் அநேகர். பேரத்தின் வரவு செலவில் அவர்களுக்கு இடமே இல்லை.