பெண்மக்கள் பெயரில் பின்னிற்கும் சொல்

போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்தில் விற்பனையாகிறது. முன்னது மலைச்சரக்கு, 'ஏலா' என்னும் வடசொல்லோடு உறவுடையது. பின்னது போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அவர்களுக்கும் அதனை ஈந்தது அரபு மொழியே என்பர் மொழிநூலார். எழுத்து ஒன்று, பிறப்பு இரண்டு. பெண்மக்கட்குப் பெயரிடும்போது நம் சமுதாயத்தில் நேரும் மயக்கமும் இத்தகையதே.

'ஆசியா' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ஃபிர்அவ்னின் மனைவியாராக இருந்தும் ஈமானில் உறுதி குன்றாத அன்னையாரின் பெயர் அலிஃபையும் ஸீனையும் கொண்டெழுதப்படுவது. ஐனும் ஸாதும் கொண்டெழுதப்படும் மற்றொரு சொல்லும் உண்டு. 'மாறு செய்பவள்' என்பது அதன் பொருள். அப்பெயர் பூண்டிருந்த ஒரு பெண்மணிக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜமீலா எனப் பெயர் மாற்றியருளிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தமிழில் எழுதுங்கால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'ஆசியா மர்யம்' என்று இணைத்து வைப்பாராயின் மயக்கத்திற்கு இடமில்லை. நிறைவெய்திய மாதராக நபிமொழி ஒருசேரக் குறிப்பிடும் இருவர் அல்லரோ அவர்கள்! இரண்டாம் பெயர் முதற்பெயருக்கு உரை எழுதுகிறது என்று நாம் கூறுவது இதனாலேதான்.

ஆயின் நம் பாட்டிமார் காலத்தில் பின்னிற்கும் சொல் வேறொரு பணியைச் செய்தது. கம்பம் பள்ளத்தாக்கின் இராவுத்தர் இல்லங்களிலும், தென்மாவட்டங்கள் பலவற்றிலும், மைதீன் பீவி, மீரா அம்மாள், காதர் பாத்து என்னும் பெயர்களைக் காண்கிறோம். முன்னிற்பன முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி, நாகூர் ஷாகுல் ஹமீது ஆகிய இறைநேசச் செல்வர்களை நினைவூட்டும் ஆண்பாற் பெயர்கள். அவற்றைப் பெண்பாலாக்கியது பின்வந்த சொல்லே. அது அணியன்று, இலக்கணம்.

அச்சொற்களின் ஊரை வினவினால் உலகப்படமே விரியும். பீவியும் பானுவும் பாரசீகம் தந்தவை. பேகம் துருக்கி மொழியினது. அம்மாளும் நாச்சியாரும் நம் தமிழே. மெய்ஞ்ஞானப் பாடல்கள் பாடிய கீழக்கரையார் செய்யிது ஆசியா உம்மா, இளையான்குடியார் கச்சிப்பிள்ளை அம்மாள், 1938இல் 'காதலா? கடமையா?' புதினத்தை வெளியிட்ட நாகூரார் சித்தி ஜுனைதா பேகம். 'சித்தி' என்பதைச் சிறிய தாயார் எனக் கொள்வாரும் உளர். 'என் தலைவி' எனப் பொருள்படும் அரபு வழக்கு அது. ஆக, அவ்வம்மையார் பெயரில் முன்னே அரபுச் சிறப்பும் பின்னே துருக்கிச் சிறப்பும் நிற்கின்றன!

இனி, பொருத்தம் பார்ப்பது எவ்வாறு? கதீஜாவுக்குக் குப்ரா, ஆயிஷாவுக்குச் சித்தீக்கா, பாத்திமாவுக்கு ஸஹ்ரா என வழிவழி வந்த இணைகள் இருக்கின்றன. அவற்றை ஆராய வேண்டுவதில்லை. ராபியா பஸரிய்யா என்று வைப்போர் மட்டும் சற்றே எண்ணிப் பார்க்கலாம். பஸரிய்யா என்பது பஸரா நகரத்தவள் எனும் ஊர்ப்பெயர். போடியில் பிறந்த குழந்தைக்கு அது எங்ஙனம் பொருந்தும்? அன்பினால் வைக்கிறார்கள், வைக்கட்டும். நாம் பொறுக்கமாட்டாதது வேறொன்று. 'நூருன்னிஸா' என்பதை 'நூருன்' எனவும் 'நிஸா' எனவும் துண்டாடுகிறார்கள். 'நூர்', 'அல்', 'நிஸா' என்னும் மூன்றும் சேர்ந்து, நூன் ஷம்ஸி எழுத்தாதலின் லாம் அதனுள் மறைந்து பிறந்த ஒரே தொடர் அது. மாதரின் ஒளி என்பது பொருள். 'நூருன்' என்று அறுத்தால் விளக்கிருக்கும், வீடிராது. உம்மு சல்மா என்பதும் அவ்வாறே. சல்மாவை உதறிவிட்டு 'உம்மு' என்று மட்டும் அழைத்தால், யாருக்குத் தாய் என்ற வினா எஞ்சிநிற்கும்.

இவை மதரஸா வாதங்கள் என்று ஒதுக்கிவிட இயலாது. நியூட்ரினோ ஆய்வுத் திட்டத்தால் செய்தித்தாள்களில் பெயர் அடிபட்ட பொட்டிபுரம் முதலாக, மலையடிவார ஊர்களின் மக்களுக்குப் போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களோடு நெடுங்காலத் தொடர்பு உண்டு. பிறப்பு இடுக்கியிலும் கல்வி தேனியிலும் அமையும் குழந்தைக்கு இரு மொழி ஆவணங்கள் சேர்கின்றன. மலையாள எழுத்து 'பாத்திமா'வின் முதலொலியையும் 'பீவி'யின் முதலொலியையும் பிரித்துக் காட்டும். தமிழோ இரண்டையும் பகரத்தில் அடக்கும். பிறகு ஆங்கில எழுத்துக்குப் பெயர்க்கையில் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும், மற்றொன்றில் வேறுவிதமாகவும் அமைந்து, பாஸ்போர்ட்டு வேண்டும் நாளில் அப்பெண் இருவராகி நிற்கிறாள். போதாக்குறைக்கு, குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் 'பேகம்' போய் அமர்ந்துகொள்கிறது. தந்தை பேகமும் அல்லர், பாட்டனார் பேகமும் அல்லர்!

வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்கும்படி அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் பணிக்கிறது. அன்னை கதீஜா (ரலி) மணமான பின்பும் குவைலிதின் மகளாரே. தந்தையின் தலைப்பெழுத்தை முன்னிறுத்தும் தமிழக வழக்கம் இம்மரபுக்கு மிக அணித்தானது. 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியாகி, 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராகவும் விளங்கிய எம். பாத்திமா பீவி அவர்களின் பெயரைக் காண்க. பத்தனம்திட்டா இராவுத்தர் குடும்பத்தவர். தந்தையார் மீரா சாகிபு. தந்தைக்கு ஓரெழுத்து, தமக்கு ஒரு பெயர், அதன்பின் பாட்டிமார் விட்டுச்சென்ற பீவி. பாட்டிமார் வழக்கை நாணித் துறப்போருக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஏழாம் நாள் அகீகாவன்று பெயரிடுவது சுன்னத்து. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பிறப்பைப் பதிந்தபின் 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் குழந்தையின் பெயரைச் சேர்க்க இடமுண்டு. அவசரத்தில் எழுத்தர் கேட்டதை எழுதிவிட வேண்டியதில்லை. அரபறிந்த ஒருவரிடம் பொருளைக் கேட்டு, ஆங்கில எழுத்துகளையும் ஒருமுறைக்கு இருமுறை தாளில் எழுதிப் பார்த்து, அந்தத் தாளையே அலுவலகத்திற்கு எடுத்துச் செல்லலாம்.