வீட்டுக் கொட்டிலில் ஒரு பிரஸ்: ஜக்கைவிடச் சட்டம் பலமாக இருக்கட்டும்

பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். இருப்பதைக்கொண்டு இல்லாததைச் செய்யும் அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுப் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. லொறி ஜக்கை வைத்துச் செய்யும் பிரஸ் அதற்கு ஓர் உதாரணம். என் கொட்டிலிலும் அப்படியொன்று நிற்கிறது.

உழவு இயந்திரத்தின் பெயாரிங்கையோ புஷ்ஷையோ சுத்தியலால் அடித்து ஏற்றினால் அது சரிந்து இறுகிவிடும். சிலவேளை விளிம்பு வெடிக்கும். பிரஸ் நேராகவும் மெதுவாகவும் அழுத்தும்.

ஜக்கின் பலம் எண்ணெயில் இருக்கிறது. பெரிய பிஸ்டனின் பரப்பு சிறியதைப்போல் 20 மடங்கு, கைபிடியின் நெம்புபலன் 15 மடங்கு என்றால், கை கொடுக்கும் 40 கிலோ விசை உராய்வைக் கழிக்காத கணக்கில் 12 தொன்னாகிறது. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. கைக்குப் பாரம் தெரியாது, சட்டத்துக்குத் தெரியும். ஆகவே 12 தொன் ஜக் என்றால், நான் சட்டத்தை அதன் இரு மடங்கைத் தாங்கும்படி அமைப்பேன்.

சனல் இரும்பில் இரண்டு தூண்கள் வேண்டும். மேலே அசையாத குறுக்குச் சட்டம், கீழே வேலைப்பொருளை வைக்கும் சட்டம், இடையில் ஏறி இறங்கும் சட்டம். ஜக் இந்த இடைச் சட்டத்தில் நிமிர்ந்து நிற்கும். அதன் தலை மேற்சட்டத்தை உந்த, இடைச் சட்டம் கீழே இறங்கி அழுத்தும். இரண்டு ஸ்பிரிங்குகள் அதைத் திரும்ப மேலே இழுக்கும். சாதாரண ஜக்கைத் தலைகீழாக வைத்தால் எண்ணெய் இறைக்காது. பாரத்தை வெல்டிங்கில் மட்டும் விடாமல், தூணில் துளையிட்டுத் தடித்த உருக்கு ஊசிகளில் தாங்கச் செய்யவேண்டும்.

பெயாரிங்கைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தையும், கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தையும் அழுத்துங்கள். பாரம் குண்டுகளின் ஊடாகப் போனால் புதிய பெயாரிங்கும் பழுதாகும். அடியில் வார்ப்பிரும்புத் துண்டு வைக்கவேண்டாம், அது சிதறும். கண்ணாடி அணிந்து, நேர்முன்னே நிற்காமல் ஒதுங்கி நின்று பம்ப் பண்ணுங்கள். இறுகி அசையாவிட்டால் பாரத்தைக் கூட்டாமல் விடுவித்து, ஏன் இறுகியது என்று பாருங்கள்.

ஒன்றை எங்கள் மண்ணில் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அழுத்துவதற்கு உருளைத் துண்டு தேடும்போது எறிகணைக் கோதுகள் அளவாகக் கண்ணில் படலாம். வெறும் கோது என்று நம்பி எடுக்கவேண்டாம். பழைய இரும்பு பொறுக்கப்போய் உயிரையும் கைகால்களையும் இழந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். தொடாமல் இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவியுங்கள். உருளைக்குப் பழைய பெயாரிங்கின் வளையமோ தடித்த குழாய்த் துண்டோ போதும். கராஜ்களில் அவை கழிவாகவே கிடக்கும்.