ஆறு வகுத்த ஊர்

மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில், சான் ஹுவான் ஆறு பாபலோவாபான் பேராற்றோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது ட்லாகோடால்பான். 1998-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற சிற்றூர். 16-ம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பானியர் நிறுவிய ஆற்றுத் துறைமுகம் என்றுதான் இதை வழக்கமாக அறிமுகப்படுத்துகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. 1518-ல் ஸ்பானியத் தளபதி பெத்ரோ தே அல்வராடோ பாபலோவாபான் ஆற்றுக்குள் கப்பலைச் செலுத்தியபோது, இவ்வூர் மக்கள் அவருக்கு மீன் கொடுத்ததாக ஸ்பானியப் படையெடுப்பின் வரலாற்றை எழுதிய பெர்னால் தியாஸ் குறிப்பிடுகிறார். ஆக, ஸ்பானியர் வருமுன்பே இங்கே மீன்பிடித்து வாழ்ந்த குடிகள் இருந்தார்கள். இவ்வூரைத் தோற்றுவித்தவர் யார் என்று கேட்டால், எந்தத் தளபதியின் பெயரையும்விட ஆற்றின் பெயரைச் சொல்வதே பொருந்தும்.

தெருக்களைச் சதுரங்கக் கட்டம்போல் வகுத்தது ஸ்பானிய ஆட்சிதானே என்று மறுக்கலாம். கட்டம் அவர்களுடையதுதான், கட்டத்துக்குத் திசை தந்தது ஆறு. மேற்கிலுள்ள ஸ்பானியர் பகுதியில் ஏழு அகலத் தெருக்கள் ஆற்றுக்கு இணையாக ஓடுகின்றன. குறுகிய சந்துகள் அவற்றை இணைக்கின்றன. கிழக்கே பூர்வகுடிகளின் பகுதி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊரின் பொதுவெளி. ஆட்சி செய்தவர்களும் ஆளப்பட்டவர்களும் தனித்தனியே குடியிருந்தாலும், இரு தரப்பினரும் ஒரே நீரை நம்பித்தான் பிழைத்தார்கள்.

வீடுகளும் இதையே சொல்கின்றன. தொடக்கத்தில் ஊர் பெரும்பாலும் பனையோலைக் கூரைகளால் ஆனது. 17, 18-ம் நூற்றாண்டுகளில் தீ பலமுறை அதை அழித்தது. அதன் பிறகே கற்சுவரும் ஓட்டுக்கூரையும் பரவின. வீட்டுக்கு வீடு முன்தாழ்வாரம். தாழ்வாரத்துக்குத் தூண்களும் வளைவுகளும். பக்கத்து வீட்டின் தாழ்வாரம் அதைத் தொட்டு நிற்கும். கடும் வெயிலிலும் அடைமழையிலும் தெருவின் நீளத்துக்கும் நிழலிலேயே நடந்து போகலாம். இப்படிக் கட்டப் பணம் வேண்டும். உள்நாட்டின் சர்க்கரையும் பருத்தியும் மரமும் தோலும் ஆற்றுவழியே இங்கு வந்து சேர்ந்து வெராக்ரூஸ் துறைமுகத்துக்குப் போனதில் வந்த பணம் அது. 19-ம் நூற்றாண்டில் நீராவிப் படகுகள் வந்ததும் ஊர் செழித்தது. 1891-ல் நெசாவல்கோயோட்ல் என்ற பெயரில் நாடக அரங்கம் எழுந்தது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்நாட்டு வழியாக ரயில் பாதை வந்தது. சரக்கு தண்டவாளத்துக்கு மாற, படகுத்துறை வெறிச்சோடியது. வணிகம்தான் ஊரை உருவாக்கியது என்றால், வணிகம் போன பின்னும் ஊர் எப்படி நிலைத்தது? பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்குப் பணம் இல்லாமல் போனது ஒரு காரணம். ஆனால் வறுமை மட்டும் எந்த ஊரையும் காப்பாற்றியதில்லை. ஆற்றோடு மக்களின் உறவு அறாதது அதைவிடப் பெரிய காரணம். இன்றும் கண்டெலாரியா மாதா திருவிழாவின்போது பிப்ரவரி 1-ல் காளைகளைப் படகோடு சேர்த்துக் கட்டி ஆற்றை நீந்திக் கடக்கச் செய்கிறார்கள். மறுநாள் மாதாவின் சிலையைப் படகில் ஏற்றி ஆற்றில் உலா கொண்டு செல்கிறார்கள். ஸ்பானிய, ஆப்பிரிக்க, பூர்வகுடி மரபுகள் கலந்து பிறந்த சோன் ஹரோச்சோ இசை அந்த நாட்களில் ஊரெங்கும் ஒலிக்கிறது. காளைகள் படும் வதையைக் கண்டித்து எழும் குரல்கள் நியாயமானவை. அவற்றுக்குச் செவிசாய்ப்பதால் விழா குன்றிவிடாது.

இதே ஆறுதானே ஊரை மூழ்கடிக்கிறது என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 1944-ன் பெருவெள்ளத்துக்குப் பிறகு அரசு பாபலோவாபான் ஆணையத்தை அமைத்து, துணையாறு ஒன்றின் குறுக்கே தெமாஸ்கலில் அணை கட்டியது. அந்த அணைக்காகச் சுமார் 20,000 மசாடெக் பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அத்தனை பெரிய விலை கொடுத்தும் 2010-ல் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. மக்கள் வீடுகளைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. ஆற்றை அடக்கிவிட்டால் ஊர் பிழைக்கும் என்ற நம்பிக்கை இங்கே இருவிதமாகத் தோற்றிருக்கிறது: ஆற்றின் மேற்பகுதியில் குடிகள் நிலத்தை இழந்தார்கள், கீழே வெள்ளமும் தடுக்கப்படவில்லை. ஆகவே ட்லாகோடால்பானைக் காப்பது என்றால் சுவருக்கு வண்ணம் பூசுவதோடு நிற்க முடியாது. மேல்நிலக் காடுகள், அங்கு வாழும் மக்கள், கழிமுகம் வரையிலான நீர்வழி அனைத்தும் அந்தப் பாதுகாப்பில் அடங்க வேண்டும். ஊரின் வரலாறு தொடங்கியது அந்த நீர்வழியில்தான்.