சமைத்துப் பார்த்து எழுதியவர்கள்

அரபு இலக்கிய வரலாற்றைப் பயில்வோர் கவிதை, இலக்கணம், வரலாறு, மருத்துவம், புவியியல் என்னும் துறைகளோடு நின்றுவிடுவது வழக்கம். ‘கிதாபுத் தபீஃக்’ என்ற பெயரில் ஒரு தனி நூல்வகையே இருந்தது என்பது நம் மதரஸாக்களின் பாடத்திட்டத்தில் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டுமென்று வாதிட நான் வரவில்லை. ஆனால் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் இப்னு நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’தில் (ஹி. 377 / கி.பி. 987) நூல்களைப் பட்டியலிட்டபோது சமையல் நூல்களையும் அவற்றின் ஆசிரியர்களையும் விடாமல் குறித்திருக்கிறார். அவ்வாசிரியர்களுள் இளவரசரும் உண்டு, மருத்துவரும் உண்டு, கவிஞரும் உண்டு. கலீஃபா ஹாரூன் ரஷீதின் சகோதரர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தி அவர்களுள் முதன்மையானவர். இசையிலும் கவிதையிலும் பெயர்பெற்ற அவர், அடுப்படியை இழிவாகக் கருதவில்லை.

அந்நூல்களுள் பெரும்பாலானவை அழிந்துபோயின. எஞ்சியவற்றுள் மிகப் பழையது, பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் தொகுத்தது. ‘வர்ராக்’ என்றால் நூல்களைப் படியெடுத்து விற்பவர். 132 இயல்களும் அறுநூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகளும் கொண்ட அத்தொகுப்பில், முன்னோர் குறிப்புகளிலிருந்து எடுத்த உணவுகள் பல, அவற்றுக்கு உரியவரின் பெயரோடு நிற்கின்றன. இன்னாருடைய நூலிலிருந்து, இன்னார் விரும்பி உண்டது என்று சொல்லிச் செல்லும் அந்த முறை, ஹதீஸ் கலையில் பழகிய கண்ணுக்கு ஓர் இஸ்னாதைப் போலவே தோன்றும். அறிவிப்பாளர் வரிசையைச் சொல்லாமல் எதையும் ஏற்காத ஒரு சமூகத்தின் பழக்கம் அடுக்களைவரை வந்திருக்கிறது. இப்ராஹீமின் இல்லத்துப் பெண்ணான பித்ஆ என்பவரின் கைத்திறனும் இந்நூலில் போற்றப்படுகிறது. ஒரு பெண்ணின் சமையல் அவருடைய பெயருடன் ஆயிரம் ஆண்டுகள் தாண்டி வந்திருப்பது சாதாரணமான செய்தியன்று.

அடுத்த பெரிய நூல் கி.பி. 1226-இல் (ஹி. 623) முஹம்மது இப்னுல் ஹஸன் அல்-பக்தாதி எழுதியது. மங்கோலியர் பக்தாதை அழிப்பதற்கு 32 ஆண்டுகள் முந்தியது. உலக இன்பங்களை ஆறாகப் பகுத்து, அவற்றுள் உணவே மேலானது என்று முன்னுரையில் வாதிடும் இவர், தமக்குப் பிடித்தவற்றையே தெரிந்தெடுத்ததாகச் சொல்கிறார். அவருடைய அறிவுரைகளைப் படிக்கும்போது நம் வீட்டுப் பாட்டிமாரின் குரல் கேட்கும். சமைப்பவர் நகத்தை வெட்டியிருக்க வேண்டும். கொதியில் எழும் நுரையை நீக்க வேண்டும். பாத்திரங்களில் மாக்கல் சட்டி சிறந்தது, அடுத்தது மண்சட்டி, அதற்கும் அடுத்தது ஈயம் பூசிய செம்பு. பூச்சுத் தேய்ந்த செம்பில் சமைப்பதுதான் எல்லாவற்றிலும் கேடானது. ஈயம் பூசுபவர் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கடைசி எச்சரிக்கைக்கு விளக்கம் தேவையில்லை.

இந்நூலின் மூலம் 1934-இல் மோஸுல் நகரில் தாவூத் சலபியால் அச்சிடப்பட்டது. ஏ.ஜே. ஆர்பெர்ரி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1939-இல் வெளியான இடம் இலண்டன் அன்று. நம் ஹைதராபாதிலிருந்து வந்த ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ என்னும் காலாண்டிதழ். 1927-இல் தொடங்கிய அவ்விதழின் முதல் ஆசிரியர், குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த மர்மடியூக் பிக்தால். கல்வெட்டும் தத்துவமும் வெளிவரும் ஏட்டில் ஆட்டிறைச்சிக் குழம்புக்கும் இடம் கொடுத்த அந்தப் பதிப்பாளர்களின் விரிந்த மனத்தை மெச்சாமல் இருக்க முடியாது.

ஆனால் ஒரு சமையல் நூலை மொழியறிவு மட்டும் கொண்டு புரிந்துகொள்ள இயலுமா? ‘முர்ரீ’ என்ற சொல்லின் கதை இதற்கு விடை தருகிறது. இடைக்கால அரபுச் சமையலில் உப்பைப் போல எங்கும் பயன்பட்ட ஒரு கருநிறச் சாறு அது. மீனை ஊறவைத்து இறக்கிய ரோமானியர் சாற்றோடு அதை ஒப்பிட்டவர்கள் இருந்தனர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சார்லஸ் பெர்ரி என்ற அறிஞர், நூலில் சொன்னபடியே வாற்கோதுமை மாவுருண்டையைப் பூஞ்சணம் பிடிக்கவிட்டு, பின் உப்பும் நீரும் சேர்த்து ஊறவைத்துத் தம் வீட்டிலேயே செய்து பார்த்தார். கிடைத்த சாறு சோயா சாஸின் சுவையில் இருந்தது. மீனுக்கு அங்கே வேலையே இல்லை. அகராதி சொல்லாததைச் சட்டி சொல்லிவிட்டது! (இத்தகைய பூஞ்சணம் உடலுக்குத் தீங்காகக் கூடும், ஆர்வமுள்ளோர் இதை மட்டும் முயல வேண்டாம்.) பின்னர் அவரே இஸ்தான்புல்லில் உள்ள மூலச்சுவடியை ஒப்புநோக்கி பக்தாதியின் நூலைப் புதிதாக மொழிபெயர்த்து 2005-இல் வெளியிட்டார். வர்ராக்கின் நூலை 2007-இல் ஆங்கிலத்தில் தந்தவர் நவால் நஸ்ரல்லாஹ் என்னும் இராக்கியப் பெண்மணி. தாமே சமையல் நூல் எழுதியவராதலால் அவருடைய குறிப்புகளில் ஏட்டறிவும் கையறிவும் கலந்திருக்கின்றன.

‘செய்து பார்த்தல்’ என்பது பிற்காலத்தவரின் கண்டுபிடிப்பும் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த ‘அல்-வுஸ்லா இலல் ஹபீப்’ என்னும் நூலின் ஆசிரியர், தாம் பலமுறை செய்து, உண்டு, தொட்டுச் சுவைத்துத் தெளியாத எதையும் இதில் எழுதவில்லை என்று முன்னுரையிலேயே உறுதி கூறுகிறார். அந்நூலுக்கு அதிகமான கைப்படிகள் எஞ்சியிருப்பதற்கு இந்த உறுதியும் ஒரு காரணமாயிருக்கலாம். மாளவ நாட்டு மாண்டுவில் சுல்தான் கியாஸ் ஷாஹுக்காகக் கி.பி. 1500-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ‘நிஃமத் நாமா’, ஓவியங்களுடன் கூடிய பாரசீக நூல். அதில் சம்பூஸா, அதாவது நம் சமோசா, பல வகைகளில் வருகிறது. அது அரசவைப் பெருமைக்கான நூல். வீட்டுக்கு உரியது சிரியா நூல்தான் என்பது என் கருத்து.

அந்த முன்னுரையைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. உறவுப் பெண்கள் கடிதத்தில் கேட்கக் கேட்கச் செய்முறை எழுதி அனுப்பிக்கொண்டிருந்த அம்மையார், அவற்றையே நூலாக்கி 1951-இல் வெளியிட்டார். பலமும் ஆழாக்கும் கொண்டு அளவு சொன்ன அந்நூல், கடல் கடந்து போன மணமகள்களின் பெட்டியில் இடம்பிடித்தது. பக்தாதியின் ரத்தலுக்கு 12 ஊக்கியா, ஊக்கியாவுக்கு 10 திர்ஹம் என்ற கணக்கும் அதே அக்கறையில் பிறந்ததே. சைவச் சமையலை மட்டும் சொல்லும் நூலாயினும், ரசத்துக்கும் கூட்டுக்கும் அதைப் புரட்டிய முஸ்லிம் இல்லங்களும் உண்டு. அதன் தலைப்பே ஓர் ஏவல். வுஸ்லா ஆசிரியர் ஏற்றுக்கொண்ட கடமையை அம்மையார் வாசகரிடம் ஒப்படைத்துவிட்டார்.

மணப்பாறையில் எங்கள் உறவுப் பெண்டிர் சிலர் அந்த ஏவலைப் பக்தாதியின் ‘ஸிக்பாஜ்’ மேல் செலுத்தினர். அரபு வரிகளை நான் தமிழில் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். கொழுத்த இறைச்சியைக் கொத்தமல்லித் தழை, பட்டை, உப்புடன் வேகவைத்து நுரை நீக்கி, வெங்காயமும் கேரட்டும் அல்லது கத்தரிக்காயும் தனியே அரைவேக்காடாக்கிச் சேர்த்து, காடியும் பேரீச்சம்பழப் பாகும் கலந்து ஊற்றி, குங்குமப்பூவிட்டு, வாதுமையும் திராட்சையும் அத்தியும் மேலே பரப்ப வேண்டும். இறுதியில் சட்டியின் ஓரங்களைத் துணியால் துடைத்து, மெல்லிய தணலில் அடங்க விட வேண்டும். இந்த இடத்தை நான் சொல்லி முடிப்பதற்குள், “தம் போடச் சொல்றாரு மச்சான்” என்றார் ஒருவர். அரபுச் சொல்லுக்கு அதைவிடத் தெளிவான உரையை நான் எந்த விளக்க நூலிலும் கண்டதில்லை.

முதல் முறை சிறுவர்கள் முகம் சுளித்தனர். இறைச்சியில் இனிப்பு அவர்களுக்குப் பழக்கமில்லை. மறுமுறை காடிக்குப் பதில் புளி சேர்ந்தது. புளியை அரபிகள் ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை, என்றே அழைத்தனர். பாகும் புளியும் ஒரே சட்டியில் சந்தித்தபோது இரண்டு பேரீச்சைகளும் ஒன்றுகூடின எனலாம். பாகின் அளவு பாதியானது. கத்தரிக்காய் நிலைத்தது. குழம்பின் நிறமும் மணமும் நம் தாளிச்சாவின் பக்கம் சாய்ந்துவிட்டன. இதற்கு இன்னும் ஸிக்பாஜ் என்று பெயர் சொல்லலாமா என்ற விவாதம் எழுந்தது. பக்தாதியே ஒரே உணவுக்கு மாற்றுப் பொருள்களைத் தருபவர் என்பதால் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தேன். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரை நினைவில் கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரை ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதன்படி கிண்ணங்கள் பக்கத்து வீடுகளுக்குப் போயின. திரும்பி வந்த கிண்ணங்களோடு திருத்தங்களும் வந்தன: பூண்டு வேண்டும், சோம்பு வேண்டாம், தேங்காய்ப்பால் விட்டால் என்ன?

செய்முறை பயணம் செய்யும். எல்லாம் பயணம் செய்வதில்லை. இதை மணப்பாறைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரிசிமாவு, சீரகம், ஓமம், எள் என்னும் முறுக்கின் பொருள்கள் எந்த ஊரிலும் கிடைப்பவை. இவ்வூர்த் தண்ணீரின் ருசிதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மணப்பாறை முறுக்கு 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. வீட்டுத் திண்ணைகளில் பிழிந்து பிழிந்து அப்பக்குவத்தைக் கண்ட பெண்களின் பெயர்கள் எங்கும் ஏறவில்லை.

நோன்புக் கஞ்சி, தம்ரூட், வட்டலப்பம், நெய்ச்சோறு ஆகியவற்றின் நிலையும் இதுவே. வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறும் இவற்றின் பக்குவங்கள் பழைய நாட்குறிப்பேடுகளிலும் பள்ளி நோட்டுகளின் பின்பக்கங்களிலும் கிடக்கின்றன. வெந்தயம் ‘ஒரு கை’, நெய் ‘கண்ணளவு’ என்றிருக்கும்; எழுதியவர் மறைந்தபின் அக்கையின் அளவும் அவருடன் போய்விடும். ஒரு மூத்த பெண்மணி மறைந்ததும் அவருடைய கிதாபுகளைப் பள்ளிவாசலுக்குக் கொடுக்கும் நாம், அந்த நோட்டைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடுகிறோம். பித்ஆவுக்கு ஒரு வர்ராக் வாய்த்தார்.

ஸிக்பாஜ் எழுதிய எங்கள் உறவினரின் நோட்டை அண்மையில் பார்த்தேன். புளி, பாதிப் பாகு, பூண்டு என்று திருத்திய வடிவமே அதில் இருந்தது. மேலே அடைப்புக்குறிக்குள் ‘பக்தாதி, ஹிஜ்ரி 623’ என்றும், அதன் கீழே பூண்டு சேர்க்கச் சொன்ன பக்கத்து வீட்டு மாமியின் பெயரும் எழுதியிருந்தன.