மூழ்குவோரின் மறுமூச்சு

கொள்ளுப்பிட்டிப் புகையிரத நிலையத்தின் மேடையில் நின்றால் தண்டவாளத்துக்கு அப்பால் கடல்தான். அக்கடலுள் இறங்கும் மனிதன் ஆபத்துக்கான இரண்டாம் மூச்சை எங்கே வைத்தான் என்பதே இன்றைய பேச்சு.

முத்துக்குளிப்போனுக்கு அது கயிற்றில் இருந்தது. 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த பெருங்குளிப்பிலும் அப்படித்தான். கல்லோடு இறங்குபவன் ஏறத்தாழ ஒரு நிமிடம் நிற்பான். கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவன் இழுத்தெடுப்பான். தமிழ்க் கரைகளில் அக்கயிற்றை மைத்துனன் கையிற் கொடுப்பதே வழக்கம் என்பர். தன் சகோதரியின் தாலியை அவன் மறப்பானா?

1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் ஆக்கிய கருவி, வளியை முதுகிலேயே ஏற்றிவிட்டது. 1956இல் இலங்கையிற் குடியேறிய ஆர்தர் கிளார்க்கும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலடியில் கோயில் இடிபாடுகளைக் கண்டது இத்தகைய கருவியின் துணையால். அக்காலத்து உருளைகள் பலவற்றிற் சேமிப்பு வால்வு இருந்தது. வளி குறைந்ததும் மூச்சு இறுகும். நெம்புகோலை இழுத்தால் எஞ்சியது வரும். ஆனால் அக்கோல் எங்கேனும் தட்டி முன்னமே இறங்கியிருந்தால், சேமிப்பும் சொல்லாமலே தீர்ந்துவிடும்!

பின்னர் அமுக்கமானியும், அதே உருளையில் இரண்டாவது வாய்க்கருவியும் வந்தன. தோழனுக்கு மூச்சளிக்க அது நன்று. உருளை வெறுமையானாலோ இரண்டும் வீண். ஆகவே தனிச் சீராக்கியுடன் கூடிய சிற்றுருளையே என் தெரிவு. 3 லீற்றர் உருளையில் 200 பார் அமுக்கத்தில் ஏறத்தாழ 600 லீற்றர் வளி அடங்கும். 30 மீற்றர் ஆழத்தில் அது 150 லீற்றருக்கே சமம். பதறாதவன் மேலேற அது போதும். அதன் வாய்க்கருவி கழுத்தருகே, கை தேடாமல் எட்டுமிடத்தில் இருக்கவேண்டும். இறங்குமுன் அதிலும் ஒருமுறை மூச்சிழுத்துப் பார்க்கவேண்டும்.