துலங்காத வழக்கின் ஈர்ப்பு: பால்டிமோர் காவல் தொடர்கள்

பால்டிமோர் நகரக் காவல்துறையின் கொலைவழக்குப் பிரிவைக் களமாகக் கொண்ட ‘ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்’ தொடரை அமெரிக்காவின் என்பிசி 1993 முதல் 1999 வரை ஒளிபரப்பியது. செய்தியாளர் டேவிட் சைமன் 1988இல் அப்பிரிவினரோடு ஓராண்டு உடனிருந்து எழுதி, 1991இல் வெளிவந்த நூலே அதற்கு மூலம். அலுவலகக் காட்சிகளில் ஒரு வெண்பலகை ஓயாமல் தென்படும். துப்பறிவாளர் ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழும் அவர் பொறுப்பில் உள்ள கொலையுண்டவர்களின் பெயர்கள். துலங்கிய வழக்கு கறுப்பு மையில், துலங்காதது சிவப்பில்.

இத்தகைய தொடர்களின் ஈர்ப்புக்குத் தகவல் துல்லியத்தையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது போதாது. லாஸ் ஏஞ்சலீஸ் காவல்துறைக் கோப்புகளிலிருந்து கதை எடுத்து, 1951இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘டிராக்நெட்’ நடைமுறைத் துல்லியத்தில் குறை வைக்கவில்லை. ஆனால் குற்றவாளிக்குக் கிடைத்த தண்டனையை அறிவித்து முடிப்பதே அதன் வாடிக்கை. அங்கே காவல்துறை தோற்பது அரிது. சிவப்பு மைக்கு வேலையே இல்லை.

‘ஹோமிசைட்’டின் முதல் பருவத்தில் வந்த ‘த்ரீ மென் அண்ட் அடீனா’ அத்தியாயம் ஏறக்குறைய முழுதும் ஒரே விசாரணை அறைக்குள் நிகழ்கிறது. சிறுமி அடீனா கொலையில் ஐயத்துக்கு உள்ளானவர், குதிரை வண்டியில் பழம் விற்கும் முதியவர். துப்பறிவாளர்கள் பெம்பிள்டன், பேலிஸ் இருவருக்கும் பன்னிரண்டு மணி நேரமே கெடு. மிரட்டியும் பரிவு காட்டியும் கேட்கிறார்கள். கொலைக்கான வாக்குமூலம் மட்டும் வரவில்லை. முடிவில், முதலில் ஐயப்பட்ட பெம்பிள்டன் முதியவரே கொலையாளி என நம்புகிறார். உறுதியாக இருந்த பேலிஸுக்கோ இப்போது ஐயம். தீர்ப்பு சொல்ல எவரும் இல்லை. இருவரும் கண்டதையே பார்வையாளரும் கண்டிருக்கிறார். ஆகவே முடிவு செய்யும் சுமை அவர்மேல் விழுகிறது. மிகையுணர்ச்சியைத் தவிர்ப்பதன் பயன் இதுவே எனலாம். எங்கே அழ வேண்டும் என்று கதை சொல்லித்தராதபோது, பார்ப்பவர் தாமே எடைபோடத் தொடங்குகிறார்.

சைமன் பின்னர் உருவாக்கிய ‘தி வயர்’ (2002–2008, 60 அத்தியாயங்கள்) இந்த மிகையுணர்ச்சித் தவிர்ப்பை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தது. சில விலக்குகள் தவிர, காட்சிக்குள்ளேயே ஒலிக்காத இசை அதில் இல்லை. ஒட்டுக்கேட்க நீதிபதியின் ஆணை பெறுவதற்குள் முடிக்க வேண்டிய எழுத்து வேலை கதையின் ஒரு பகுதியை விழுங்குகிறது. சலிப்பூட்ட வேண்டிய இந்த இடமே விறுவிறுப்பாக அமைவது வியப்பு.

வெண்பலகைக்கு ஒரு குறை உண்டு. கொலையுண்டவர் அதில் துப்பறிவாளரின் கடன்கணக்காக மட்டுமே இடம்பெறுகிறார். அவர் வாழ்ந்த வாழ்வு கோப்புக்கு வெளியே நின்றுவிடுகிறது. ‘தி வயர்’ போதைப்பொருள் விற்கும் இளைஞர்களுக்கும் காவலர்களுக்கு இணையான இடம் தந்து இதை ஓரளவு ஈடுசெய்தது. முதல் பருவத்தின் இறுதியில் தன் கூட்டாளிகளாலேயே கொல்லப்படும் வாலஸ் பதினாறு வயதுப் பையன். பாழடைந்த வீட்டில் தன்னோடு தங்கியிருந்த சிறுவர்களை அவன் காலையில் எழுப்பி, ஆளுக்கொரு சிப்ஸ் பொட்டலமும் பழச்சாறும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியதைப் பார்வையாளர் முன்பே பார்த்திருக்கிறார்.